படக்கதைகளில் மேனிநிறம்: சொல்லும் மையும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர் போன்ற எல்லையோர ஊர்களில் வீட்டில் ஒரு மொழி பேசிப் பள்ளியில் மற்றொரு மொழி படிப்போர் உண்டு. இத்தகைய இருமொழிச் சூழலில் வளர்ந்த வாசகர்க்கு, ஒரே படத்தை இரு மொழிகளில் படிக்கும் வாய்ப்பைச் சிறுவர் இதழ் ஒன்று நெடுங்காலம் அளித்து வந்தது. 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அவ்விதழ், தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் வெளிவந்தது. பின்னர் வேறு பல மொழிகளுக்கும் பரவியது. மொழி மாறினும் படம் மாறவில்லை. கண்ணன் கதையைப் படிக்கும் தமிழ்ச் சிறுவன் அவனைக் ‘கார்வண்ணன்’ என அறிவான். தெலுங்குச் சிறுவன் ‘நல்லனய்யா’ என அறிவான். இரண்டுமே கரியவன் என்னும் பொருளன. ஆனால் இருவரும் தாளில் காண்பது நீலம்.

சொல்லுக்கும் படத்திற்கும் இடையிலான இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. ஜப்பானியக் கற்பனைப் படக்கதைகளான மாங்காக்களில் பாத்திரங்களின் மேனிநிறம் குறித்து எழுந்த சர்ச்சைகளை நம் நாட்டுப் படக்கதைகளோடு ஒப்பிட்டு நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படுகின்றது. கருமை இடர்ப்பாடாகத் தோன்றும்போது இரு நாட்டவரும் அதனை நீலத்தை நோக்கியே நகர்த்தியுள்ளனர். இம்மாற்றம் ஒருவகை மொழிபெயர்ப்பே என்பதும், இதனைச் சீர்தூக்கும் பொறுப்பு இறுதியில் சொல்லைக் கையாளும் மொழிபெயர்ப்பாளரிடமே வந்து சேர்கின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. நிறச் சொற்களின் எல்லை

பெர்லின், கே ஆகிய இருவரும் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட அடிப்படை நிறச்சொல் ஆய்வு, மொழிகள் நிறப்பெயர்களை ஒரு வரிசைமுறையில் பெறுகின்றன என்று கூறியது. அதன்படி கருமை, வெண்மை ஆகியன முதலிலும், செம்மை அடுத்தும், பசுமை, மஞ்சள் ஆகியன பின்னரும், நீலமும் பழுப்பும் அவற்றிற்குப் பின்னரும் தனிப்பெயர் பெறுகின்றன. இவ்வரிசைமுறை குறித்துப் பின்வந்தோர் திருத்தங்கள் கூறினர். எனினும், ஒரு மொழியின் நிறச்சொல் மற்றொரு மொழியின் நிறச்சொல்லோடு எல்லை ஒத்திருக்க வேண்டுவதில்லை என்பது ஏற்கப்பட்ட உண்மை. ஜப்பானிய மொழியில் ‘ஆஓ’ என்னும் சொல் நீலத்தையும் குறிக்கும். போக்குவரத்து விளக்கின் பச்சையையும் குறிக்கும்.

தமிழிலும் இத்தகைய நெகிழ்ச்சி உண்டு. ‘பசு’ என்னும் அடி பச்சை இலையையும் பசும்பொன்னையும் ஒருங்கே தழுவும். பிரிவால் மேனி வெளிறுவதைக் குறிக்கும் ‘பசலை’யும் அவ்வடியிற் பிறந்ததே. ‘நீலம்’ என்பது வடமொழிக்கும் தமிழுக்கும் பொதுவாக வழங்கும் சொல். அது இன்றைய நீலத்தை மட்டுமன்றிக் கருமையையும் குறித்தது. கருங்குவளை மலர்க்கு ‘நீலம்’ என்பதும் பெயர்; ஒரே மலர் கருமையாலும் பெயர்பெற்றது, நீலத்தாலும் பெயர்பெற்றது. ‘நீலகேசி’ என்னும் சமண நூலின் பெயருக்குக் கரிய கூந்தலை உடையவள் என்பதே பொருள். எவரும் நீலக் கூந்தலைக் கருதுவதில்லை. ‘நீலமேகசியாமளன்’ என்னும் தொடரில் நீலம், மேகம், சியாமளம் ஆகிய மூன்றும் மழைமுகிலின் இருண்ட நிறத்தையே வேறுவேறு வகையில் சுட்டுகின்றன.

திருமாலுக்கு வழங்கும் பழம்பெயராகிய ‘மாயோன்’ என்பதில் ‘மா’ என்பது கருமைப் பொருளது. முருகனாகிய ‘சேயோன்’ செம்மையால் பெயர்பெற்றவன். இவ்விரு பெயர்களும் தொல்காப்பியத்தில் நிலத்தெய்வப் பெயர்களாய் அடுத்தடுத்து நிற்கின்றன; ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்னும் குறிப்பு அங்கில்லை. ‘கண்ணன்’ என்பது கரியவன் எனப் பொருள்படும் ‘கிருஷ்ண’ என்பதன் பிராகிருத வடிவாகிய ‘கண்ஹ’ என்பதினின்று வந்தது. பாரதத்துத் திரௌபதிக்கும் அவள் நிறம்பற்றிக் ‘கிருஷ்ணை’ என்பது பெயர். சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகாகப் போற்றப்படுவது ‘மாமை’. உரையாசிரியர்கள் இதனை மாந்தளிர் போன்ற நிறம் என விளக்குவர். அம்மாமை அழிந்து வெளிறிய பசலை பரவுவதே நோயின் அடையாளமாகக் கூறப்படும். வெளிறிய நிறத்தை அழகின் அளவுகோலாகக் கொண்ட பிற்கால வழக்கிற்கு இது நேர் எதிரானது.

இன்றைய பேச்சுவழக்கில் வெளிர்நிறத்தைத் தமிழர் ‘சிவப்பு’ என்பர். தெலுங்கரும் ‘எருப்பு’ என்பர். இரண்டும் செந்நிறப் பெயர்களே. கருமைக்கும் வெளிர்மைக்கும் இடைப்பட்டதைத் தமிழர் ‘மாநிறம்’ என்பர். தெலுங்கர் ‘சாமனசாய’ என்பர். மணமகள் தேவை விளம்பரங்களில் ஆங்கிலத்திலிருந்து புகுந்த ‘கோதுமை நிறம்’, நெல் விளையும் நாட்டில் வேரூன்றிவிட்ட ஒரு மொழிபெயர்ப்புச் சொல். இச்சொற்கள் அனைத்தும் படிநிலை காட்டுவன. ஆகவே மேனிநிறச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் நிறத்தைத் தேர்தல் மட்டுமன்று, அப்படிநிலையில் ஓரிடத்தைத் தேர்தலும் ஆகும்.

3. ஒப்பனையில் நிறம்

அச்சுப் படங்களுக்கு முன்னரே பாத்திரங்களுக்கு நிறம் வகுத்தவை கூத்தும் ஆடலும் ஆகும். சித்தூர்ப் பகுதியில் தர்மராஜர் கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் பாரத விழா நடைபெறுகின்றது. பகலில் கதைப் படிப்பும் இரவில் கூத்தும் நிகழும். இறுதியில் மண்ணால் பேருருவாக அமைத்த துரியோதனன் படுகளம் இடம்பெறும். தமிழகத்தின் வடமாவட்டத் தெருக்கூத்தில் கண்ணன் வேடத்திற்குப் பச்சையோ நீலமோ பூசுவர். துரியோதனன் போன்ற சினமிகு வேடங்களுக்குச் சிவப்பு உரியது. கதகளியில் நளன், அருச்சுனன், கண்ணன் போன்ற உயர்ந்தோர் வேடம் ‘பச்சை’ எனப்படும்.

இங்கு நிறம் தோலின் நிறமன்று, குணத்தின் குறி. பச்சை பூசிய நளனை எவரும் பச்சைத்தோல் உடையவன் எனக் கருதார். கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருளில் வரும் எனவும், அவை நிறத்தைக் குறித்தலும் உண்டு எனவும் தொல்காப்பிய உரியியல் பிரித்துக் கூறுவது இங்குக் கருதத்தக்கது. குறியும் நிறமும் வேறு என்னும் தெளிவு அங்கு உள்ளது. எனினும் கூத்துமரபு முற்றிலும் குற்றமற்றது என்று கூறல் இயலாது. கதகளியில் ‘கரி’ வேடம் அரக்கியர்க்கும் வேடர்க்கும் உரியதாக வகுக்கப்பட்டுள்ளது. காட்டில் வாழ்வோரைக் கருமையோடு இணைக்கும் போக்கு அங்கேயே தொடங்கிவிடுகின்றது.

4. சொல்லிலிருந்து மைக்கு

கண்ணனை நீலமாகத் தீட்டும் வழக்கு அச்சினும் பழையது. வடநாட்டுச் சிற்றோவியங்களில் அது பரவலாகக் காணப்படும். தஞ்சாவூர் ஓவியங்கள் பலவற்றிலோ வெண்ணெயுண்ணும் கண்ணன் வெளிர்நிறக் குழந்தையாகவே காட்சி தருகின்றான். ஓவியர்க்கு இவ்வாறு பல வழிகள் இருந்தன. 1894ஆம் ஆண்டு பம்பாயில் ரவிவர்மா அமைத்த வண்ணக் கல்லச்சகம் போன்றவற்றிலிருந்து தெய்வப் படங்கள் பெருந்தொகையாக வெளிவந்து வீடுதோறும் புகுந்த பின்னர் அவற்றுட் சில மட்டுமே நிலைத்தன. திருப்பதியில் மூலவரின் திருமேனி கரிய கல்லால் ஆனது. நாட்காட்டிப் படங்களிலோ அது கறுப்பாகவும் அச்சிடப்படும், கருநீலமாகவும் அச்சிடப்படும். சொல் நெகிழ்வாக வைத்திருந்த எல்லையை மை இறுக்கிவிட்டது.

1967ஆம் ஆண்டு அனந்த் பை தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ வரிசையில் இவ்விறுக்கம் தெளிவாகப் புலப்படும். நானூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் பல இந்திய மொழிகளில் வெளிவந்த இவ்வரிசை குறித்து நந்தினி சந்திராவும் (2008) கார்லைன் மெக்லெய்னும் (2009) தனிநூல்கள் எழுதியுள்ளனர். கண்ணனும் இராமனும் நீலமாகவும், ஏனைய உயர்ந்தோர் வெளிர்நிறத்தினராகவும், அரக்கர் பெரும்பாலும் கரிய அல்லது பழுப்பு நிறத்தோடு பருத்த உடலினராகவும் தீட்டப்பட்டனர் என்பது இவ்வரிசைமீது தொடர்ந்து கூறப்பட்டு வரும் குறை. கிருஷ்ணை எனப் பெயர்பெற்ற திரௌபதி அச்சுப் படங்களில் பொதுவாக வெளிர்நிறத்தவளாகவே வருகின்றாள்.

இதற்கு அச்சுத்தொழில்சார்ந்த காரணம் ஒன்று கூறப்படலாம். படக்கதையில் கண், மூக்கு, இதழ் ஆகியன கரிய கோடுகளால் அமைவன. முகத்தைக் கரிய மையால் நிரப்பினால் அக்கோடுகள் மறைந்துவிடும். ஆகவே கருமைக்கு ஈடாக வேறோர் அடர்நிறம் தேவைப்படுகின்றது. இக்காரணம் உண்மையே, ஆயினும் முழுமையன்று. பழுப்பு மையும் அதே தாளில், அதே அச்சில் பயன்பட்டது. கோடுகள் அதன்மீதும் தெளிவாகத் தெரிந்தன. அப்பழுப்பு அரக்கர்க்கு அளிக்கப்பட்டது. நீலம் இறைவனுக்கு அளிக்கப்பட்டது. மனிதத் தோலில் இயல்பாகக் காணப்படும் நிறம் தாழ்ந்தோர்க்கும், எந்த மனிதரிடத்தும் காணப்படாத நிறம் உயர்ந்தோர்க்கும் உரியதாயிற்று. எல்லையோர ஊரில் இவ்விதழைப் புரட்டும் கரிய சிறுமி தன் நிறத்தை அதில் தேடினால் அதனை அரக்கியிடமே காண்பாள். சர்ச்சையின் உயிர்நிலை இதுவே.

இதற்கு மறுமொழியாகச் சென்னையில் ஒரு முயற்சி நடைபெற்றது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்னும் தலைப்பில், கரிய நிறமுடையோரைத் திருமகள், கண்ணன், சிவன், முருகன் முதலிய தெய்வக் கோலங்களில் படம்பிடித்து வெளியிட்டனர். புதுமை எனப் பலராலும் பேசப்பட்ட அப்படங்களுள் கண்ணனின் படம், அவன் பெயரின் நேர்ப்பொருளையே காட்டியது என்பது எண்ணத்தக்கது.

5. ஜப்பானியப் படக்கதைகளும் சென்னையிலிருந்து சென்ற கதையும்

மாங்காக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாகின்றன. தாளின் வெண்மையே பெரும்பான்மைப் பாத்திரங்களின் தோலாக அமைகின்றது. கரிய மேனியைக் காட்ட ஓவியர், புள்ளிகள் அச்சிட்ட ‘ஸ்கிரீன்டோன்’ என்னும் ஒட்டுத்தாளைப் பயன்படுத்துவர். மொழியியலார் கூறும் குறியற்ற வடிவம், குறியேற்ற வடிவம் என்னும் பாகுபாட்டிற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றும் சேர்க்கப்படாத தாள் இயல்பான மனிதர். புள்ளி சேர்க்கப்பட்டவர் வேற்றவர். 1988இல் தொடங்கிய மிசுனோ ரியோவின் ‘லோடோஸ் தீவுப் போர்’ நாவல் வரிசையில் வரும் பிரோடெஸ், ‘டார்க் எல்ஃப்’ என்னும் கற்பனை இனத்தவள். அவள் பழுப்பு மேனியளாகத் தீட்டப்பட்டாள். ஓர் இனத்தின் பெயரில் இருளும் தோல்நிறமும் பகைமையும் ஒன்றாகப் பிணைந்து கிடப்பதை இங்குக் காணலாம்.

ஜப்பானில் இத்தகைய சித்திரிப்புகள் குறித்த விவாதத்தைக் கூர்மையாக்கிய நூல்களுள் ஒன்று தமிழகத்தோடு தொடர்புடையது. ஹெலன் பானர்மன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த தம் கணவரோடு இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். கோடைக்கானலுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பயணம் ஒன்றில் தம் குழந்தைகளுக்காக அவர் எழுதியதாகக் கூறப்படும் ‘சின்னக் கறுப்பு சாம்போ’ 1899இல் இலண்டனில் வெளிவந்தது. கதையில் புலிகள் வருகின்றன. அவை உருகி நெய்யாகின்றன. களம் இந்தியச் சாயல் உடையது. ஆனால் படங்கள், கரிபூசி வேடமிட்டுக் கறுப்பினத்தவரைக் கேலிசெய்த மேற்கத்திய மேடை மரபை ஒத்திருந்தன. அமெரிக்காவில் ‘சாம்போ’ என்பது கறுப்பினத்தவர்க்கு இடும் இழிபெயராக இருந்தது. நெய்யும் புலியும் மறக்கப்பட்டன. நிறமும் பெயருமே நின்றன.

ஜப்பானிய மொழியில் 1953 முதல் பரவலாகப் படிக்கப்பட்ட இந்நூல், 1988ஆம் ஆண்டு இனவெறி எதிர்ப்பாளர்களின் முறையீட்டால் பதிப்பாளர்களால் திரும்பப் பெறப்பட்டது. 2005இல் வேறொரு பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட்டது. மாங்காவின் முன்னோடியாகிய டெசுகா ஒசாமு (1928–1989) வரைந்த ஆப்பிரிக்கப் பாத்திரங்கள் குறித்தும் கண்டனம் எழுந்தது. ஆசிரியர் மறைந்துவிட்டமையால் படங்களை மாற்றாது, அவை வரையப்பட்ட காலச்சூழலை விளக்கும் குறிப்பு ஒன்றை அவர்தம் நூல்களின் இறுதியில் சேர்ப்பது பதிப்பு வழக்காயிற்று.

சாம்போ நூலுக்கு நேர்ந்த மற்றொரு மாற்றம் மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியது. 1996இல் ஃப்ரெட் மார்செலினோ அக்கதையின் தொடர்களைப் பெரிதும் அவ்வாறே வைத்து, பெயர்களை பாபாஜி, மாமாஜி, பாபாஜி எனத் தொடங்கும் இந்தியச் சாயலுக்கு மாற்றி, படங்களையும் இந்தியக் களத்திற்கேற்பத் தீட்டினார். அதே ஆண்டில் ஜூலியஸ் லெஸ்டரும் ஜெர்ரி பிங்க்னியும் அதனைக் கறுப்பின அமெரிக்கர் கதைமரபில் புதிதாகக் கூறினர். ஒரே மூலம் இரு திசைகளில் சீர்செய்யப்பட்டது. இரண்டிலும் மனிதர் தம் மனித நிறத்தோடே இருந்தனர்.

இதற்கு மாறான சீரமைப்பும் உண்டு. டோரியாமா அகிரா 1984 முதல் 1995 வரை வரைந்த ‘டிராகன் பால்’ கதையில் மிஸ்டர் போப்போ என்னும் பணியாளன் கரிய முகமும் தடித்த இதழ்களும் உடையவன். 2010இல் அதன் அசைபடம் அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி ஒன்றில் ஒளிபரப்பானபோது அவன் மேனி நீலமாக மாற்றப்பட்டது. ‘போக்கிமான்’ வரிசையின் ஜிங்ஸ் என்னும் உயிரியின் கரிய முகத்தை 2000ஆம் ஆண்டு கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்டு கண்டித்து எழுதினார். பின்னர் அது ஊதாவாக்கப்பட்டது. இவ்வுருவங்களில் குற்றம் நிறத்தில் இல்லை; இதழையும் கண்ணையும் கேலியாக வரைந்த முறையில் இருந்தது. ஆயினும் நீக்கப்பட்டது கருமையே. கண்ணனைப் போற்றி நீலமாக்கியோரும் போப்போவின் கேலியை மறைக்க நீலமாக்கியோரும் நோக்கத்தால் வேறுபட்டோர். செயலால் அவர்கள் ஒன்றுபட்டனர்.

6. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்கள்

படத்தை மாற்றும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. கறுப்பு வெள்ளைப் படக்கதையில் வாசகர் மனத்தில் தோன்றும் நிறத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அவர் இடும் சொல்லே. இங்கு மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, ஆங்கில ‘டார்க்’ என்பது. அச்சொல் இருளையும் தீமையையும் கரிய மேனியையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இருள், கொடுமை, கருமை என இவை தனித்தனிச் சொற்களாக உள்ளன. ‘டார்க் லார்ட்’ என்பதைக் ‘கரிய அரசன்’ எனப் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத தோல்நிறம் தமிழில் புகுந்துவிடும். ‘இருளரசன்’ என்பது பொருந்தும். ‘டார்க் ஸ்கின்’ என்பதை ‘இருண்ட தோல்’ என்பதோ மேனியின்மீது இருளை ஏற்றுவது. ‘கரிய மேனி’ என்பதே தக்கது.

இரண்டாவது, ‘ஃபேர்’ என்பது. இதற்கு அழகிய என்பதும் வெளிர்நிறமுடைய என்பதும் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி விற்ற முகப்பூச்சு ஒன்று 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கடும் எதிர்ப்பிற்குப் பின் 2020இல் அந்நிறுவனம் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை நீக்கியது. கற்பனைக் கதைகளில் அழகு மட்டுமே கருதப்படும் இடத்தில் ‘சிவந்த பெண்’ என்றோ ‘வெண்ணிற மங்கை’ என்றோ பெயர்ப்பது பிழை. அங்கு ‘எழில்மிகு’ என்பதே போதும்.

மூன்றாவது, படமும் மூலமும் முரண்படும் இடம். நீலக் கண்ணனின் படத்தருகே ‘நீலவண்ணன்’ என எழுதினால் சொல்லும் மையும் ஒத்துவிடும். ஆனால் பெயரின் பழம்பொருள் மறைந்துவிடும். ‘கரியவன்’ என எழுதினால் சிறுவர்க்கு ஐயம் எழக்கூடும். அவ்வையம் தீயதன்று. படம் ஒருவகைப் பெயர்ப்பே என்பதை அவ்வையமே உணர்த்தும்.

7. பரிந்துரைகள்

மேற்கூறியவற்றினின்று சில நெறிகளை வகுக்கலாம். மூலத்தில் நிறம் உருவகமாக வரின் உருவகப்பொருளைப் பெயர்க்க வேண்டும். தோல்நிறமாக வரின் தோல்நிறமாகவே பெயர்க்க வேண்டும். வெளிர்மையை அழகாகவும் கருமையை இழிவாகவும் கொள்ளும் சொற்களை மூலம் கோராத இடத்தில் புகுத்தலாகாது. மூலமே இழிவுபடுத்தும் இடத்தில் அதனை மழுப்பாது பெயர்த்து, டெசுகா நூல்களில் உள்ளதுபோல் குறிப்புச் சேர்த்தல் நன்று. மாமை, மாயோன், கார்வண்ணன், மாநிறம் போன்ற சொற்களைப் பழங்காலப் பொருட்களாய் ஒதுக்காது படக்கதை உரையாடலிலும் விவரிப்பிலும் பயன்படுத்தலாம்.

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களம். இருமொழிச் சிறுவர்க்கு ஒரே படத்தைக் காட்டி, அதிலுள்ளோரின் மேனிநிறத்தை இரு மொழிகளிலும் கூறச்செய்து தொகுத்தால் சிவப்பும் எருப்பும், மாநிறமும் சாமனசாயவும் எங்கு ஒத்து எங்கு வேறுபடுகின்றன என்பது தெளிவாகும். பாடநூல் எழுதுவோர்க்கும் குழந்தை நூல் பெயர்ப்போர்க்கும் அத்தொகுப்பு பயன்படும்.

8. முடிவுரை

கருமை, நீலம், பச்சை ஆகியவற்றைத் தமிழ் நெகிழ்வாகக் கையாண்டது. அந்நெகிழ்ச்சியைப் பயன்படுத்தி அச்சுப்படம் கருமையை இறைவனிடமிருந்து எடுத்து அரக்கனிடம் சேர்த்தது. ஜப்பானியப் பாத்திரங்களைச் சீர்செய்யப் புகுந்தோரும் கேலியை விடுத்துக் கருமையையே நீக்கினர். ஆகவே ஒரு பாத்திரத்தின் நிறத்தை மாற்றலாமா என்பதைவிட, அம்மாற்றத்தால் எந்த மனிதநிறம் தாளிலிருந்து மறைகின்றது என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. மை செய்ததை மொழிபெயர்ப்பாளர் மாற்ற இயலாது. ஆயினும் கண்ணனைக் கரியவன் எனத் தன் மொழியில் எழுதும் உரிமை அவரிடம் இன்றும் உள்ளது. படத்தில் தன் நிறத்தைக் காணாத சிறுமி, அப்படத்தின் கீழுள்ள வரியிலாவது அதனைக் காண்பாள்.